சிங்காரவேலுவின் மச்சம்

மிட்டாய்க்கடை சிங்காரவேலுவின் முகத்தை இனிமேல் மிட்டாய்ப் பெட்டிகளில் அச்சடிக்கப் போகிறார்கள். அதற்காக அவர் போட்டோவைக் கம்ப்யூட்டர் திரையில் அடி லேயரில், அதாவது அடி அடுக்கில், அசையாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அடுக்கில் பென் டூல் என்ற வரைகருவி புள்ளி வைத்து, கோட்டை வளைத்து, அவர் முகத்தை வரைந்துகொண்டிருந்தது.

அசைய முடியாத போட்டோ பதறியது. "பென் டூல் அண்ணே, கன்னத்துல என்ன வட்டம் போடுறீங்க?"

"உன் மச்சம்."

"எனக்கு மச்சமே கிடையாதுண்ணே! திரை மேல ஈ உட்கார்ந்திருக்கு!"

"உன் மூஞ்சியை நீ எங்கே பார்த்தே? பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கிறவன் நான்."

வட்டத்துக்குள் கறுப்பு நிறைந்தது. ஈ பறந்தது.

"பாத்தீங்களா, போயிடுச்சு!"

"உன்கிட்ட நிக்கலைன்னா நான் என்ன பண்றது? என்கிட்ட நிக்குது பாரு."

அந்த நேரம் சிங்காரவேலுவே கடையிலிருந்து நேராக வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். போட்டோவுக்கு உயிர் வந்தது. "அசல் ஆளே வந்தாச்சு! அவர் கன்னத்தைப் பாருங்கண்ணே!"

பென் டூல் நிமிர்ந்து பார்த்தது.

அவர் மேலெல்லாம் சர்க்கரைப் பாகு வாசனை. ஈ சும்மா இருக்குமா? அவர் கன்னத்தில், அதே இடத்தில் போய் உட்கார்ந்தது.

"இப்ப என்ன சொல்றே?" என்றது பென் டூல்.