மாடன் வாக்கு

“சாமியக் கத்தி வச்சு வெட்டி எடுத்துட்டு வந்திருக்கான். இவன் எம் மவளுக்குப் புத்தி சொல்லுதானாக்கும்.”

கோயில் வாசலில் வைத்தே பேச்சித்தாய் மைனி இப்படிச் சொன்னதும் ஆனந்தவள்ளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. புருஷனைப் பார்த்தாள். குத்தாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடப்பிறந்த அக்காவான அவளிடம் அவனுக்கு என்றைக்குமே வாய் எழும்பாது.

மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அவன்தான் சாமியாடி. மேளம் ஏற ஏற நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், முகம் வெளுக்கும், கை ஐஸாகிவிடும். மாடன் இறங்கிட்டாரு என்று எல்லாரும் கும்பிடுவார்கள்.

போன சாரல் சீசனில் குற்றாலத்து அருவியில் நிற்கும்போதும் அப்படியே வந்து சுருண்டு விழுந்தான். குளிக்கப் போன இடத்துல மாடனுக்கு என்ன சோலி என்று ஆனந்தவள்ளிக்குச் சந்தேகம் தட்டியது. தென்காசிக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுத்தாள்.

கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பியில் கட்டி. படபடப்பும் ரத்தக் கொதிப்பும் அதனால்தான். திருநெல்வேலியில் வயிற்றைக் கிழிக்காமல், விலாவுக்குக் கீழே சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டுச் சுரப்பியோடு எடுத்துவிட்டார்கள். நாலைந்து நாளில் நடந்தே வீட்டுக்கு வந்தான். இன்றைக்கும் விளக்கேற்றும்போது அந்த டாக்டரம்மாவை நினைக்காமல் ஆனந்தவள்ளி தீக்குச்சி உரசுவதில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். “இது குடும்பத்துல வரலாம். ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் இப்படி இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. விட்டா உசுருக்கே ஆபத்து.”

மைனி மகள் மீனாவுக்கு அதே படபடப்பு, அதே வேர்வை. “அடுத்த சாமி எம் மவ மேலதான்” என்று மைனி ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க விடவில்லை.

“இந்தக் கொடைக்கு நீங்க ஆடப்படாது,” என்றாள் ஆனந்தவள்ளி புருஷனிடம். “சீக்குன்னு தெரிஞ்ச பொறவும் ஆடினா, அது ஊர ஏய்க்கதுலா.”

“ஆட மாட்டேம்ட்டி.”

மதியக் கொடைக்கு மேளம் உச்சிக்குப் போனது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு குத்தாலிங்கம் துள்ளிக் குதித்தான்.

ஆனந்தவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருநீறு வாங்குகிற சாக்கில் போய் அவன் கையைப் பிடித்தாள். ஐஸ் இல்லை. அடுப்படியில் காப்பி வாங்குகிற அதே கை, வெதுவெதுவென்று இருந்தது.

நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

அவன் கையை உதறிவிட்டு மைனி முன்னால் போய் நின்றான்.

“ஏட்டி பேச்சி.”

அக்காவை அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“உம் பிள்ள மேல இருக்கது நான் இல்ல. சீக்கு. நாளைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போ. இது எம் வாக்கு.”

பேச்சித்தாய் அவன் காலில் விழுந்தாள். “கூட்டிட்டுப் போறேன் சாமி. நாளைக்கே போறேன்.”

ஆனந்தவள்ளி திறந்த வாயை மூடவில்லை. முதல் குலவை அவளிடமிருந்துதான் வந்தது.