அப்பா சொன்னதாக மிதுசா சொன்னது

"எனக்குப் பூரண சம்மதம் எண்டு அவவிட்டச் சொல்லு, பிள்ளை."

மிதுசா தலைமையாசிரியை திருமதி பெக்கர் பக்கம் திரும்பினாள். "அப்பாவுக்கு இதில் விருப்பமில்லையாம்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் திருமதி பெக்கரின் பேனா நின்றது. இந்தப் பக்கம் அப்பா நித்தியானந்தன், வந்த காரியம் முடிந்துவிட்டவரைப் போல முகம் மலர உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது மிதுசாவுக்கு ஒன்பது வயதில் தொடங்கிய வேலை. அம்மா இறந்த பிறகு வுப்பர்டால் நகரத்து வீட்டில் இருவர்தான். வங்கி, நகரசபை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அவர் தமிழில் சொல்வார், அவள் ஜெர்மனில் சொல்வாள். ஏழு வருடத்தில் ஒரு சொல்லைக்கூடப் புரட்டியதில்லை. இன்றைக்கு முழுவதையும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

லக்ரோஸ் என்றால் அவளுக்கு உயிர். நுனியில் வலை கட்டிய கோலில் பந்தை ஏந்திக்கொண்டு அவள் ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆளில்லை. பதினாறு வயதிலேயே மாநில அணியில் இடம் பிடித்துவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளியில் மேல்வகுப்பு உண்டு, லக்ரோஸ் கிடையாது. பிராங்பேர்ட்டில் இருக்கும் இந்த விடுதிப் பள்ளியில் இரண்டும் உண்டு. ஆனால் இருப்பது ஒரே ஓர் இடம், அதற்கு இன்றே பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எந்த மருந்தைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அவளை விட்டால் யாருமில்லை. அந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டு இவள் பந்து விளையாடப் போவதா? நினைக்கவே வெட்கமாக இருந்தது. 'எனக்கு விருப்பமில்லை' என்று அவளே சொன்னால் அப்பா நம்பமாட்டார். பள்ளிக்கூடம் இடம் தரவில்லை என்றால் நம்பிவிடுவார்.

"ஏன் விருப்பமில்லை என்று அவரிடம் கேள்" என்றார் திருமதி பெக்கர்.

"தூரம் பரவாயில்லையோ எண்டு கேக்கிறா, அப்பா."

"என்ன தூரம்? ரயிலேறினா ரெண்டு மணித்தியாலம். என்ர பிள்ளை எங்க இருந்தாலும் கவனமா இருப்பாள் எண்டு சொல்லு."

மிதுசா மறுபடி ஜெர்மனுக்கு மாறினாள். "பெண்பிள்ளையைத் தூர இடத்தில் தங்க விடமாட்டாராம். எங்கள் ஆட்களிடம் அது வழக்கமில்லை."

ஒரு தமிழ்த் தகப்பனைப் பற்றி இந்த நாட்டில் யாரும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிற பொய் அது. சொன்ன வாய் கசந்தது. மழையோ பனியோ, ஒவ்வொரு போட்டிக்கும் மைதான ஓரத்தில் வந்து நிற்கிறவர். அவள் காலிலிருந்து கழற்றிப்போடும் சேறு படிந்த சப்பாத்தை அவரே கழுவிக் காய வைப்பார். அப்படிப்பட்டவரைப் பழைய பஞ்சாங்கமாக்கிவிட்டாளே, பாவி.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இடம் கிடைக்கிறது கஷ்டம் போல, அப்பா."

அவர் தலையாட்டினார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளால்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சரி மிதுசா, உன் விருப்பம் என்ன?" என்று கேட்டார் திருமதி பெக்கர்.

"அப்பா சொல்வதுதான் என் விருப்பம்."

திருமதி பெக்கர் கோப்பிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மிதுசாவை விட்டு அவள் அப்பாவைப் பார்த்தார்.

"போன மாதம் நீங்கள் தனியாக வந்தபோது சொன்னது அப்படியே நடந்துவிட்டது, திரு நித்தியானந்தன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் மறுக்கிறாள்."

பழக்கதோஷத்தில் அதை மொழிபெயர்க்க வாயெடுத்த மிதுசா அப்படியே நின்றுபோனாள். அதற்குள் அப்பா, அவளுக்குத் தெரியாமல் கற்றிருந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, ஆனால் தெளிவாகப் பதில் சொன்னார்.

"இனி டாக்டரோடு நானே பேசிக்கொள்வேன். இந்த விண்ணப்பத்தில் என் கையெழுத்து அன்றைக்கே போட்டாயிற்று. என் மகள் தன் வாயால் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அதைக் கிழித்துவிடுங்கள்."