நின்ற இடத்தில் நடுக்கம்

"பிளக்கு மாத்தியாச்சு, கார்பரேட்டர் கழுவியாச்சு. நின்ன இடத்துல இன்னும் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குதே! அந்தக் கடகடங்கற சத்தத்துல தலையே வெடிக்குதுப்பா!" மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார் அவள் கணவர்.

அவள் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் பழைய பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் தலையை நுழைத்தார். "அண்ணே, என் பட்டறையில சமத்தா ஓடுது. உங்க வாசலுக்கு வந்தாத்தான் ஆட்டம் போடுது. இதோ பாருங்க, காத்துக்குழாய் கிளிப்போட ஸ்க்ரூ மறுபடியும் லூசு. இது தானா கழலாது. யாரோ கை வைக்கிறாங்க."

"பக்கத்து வீட்டுக்காரன்தான்! வண்டி வந்ததுலேர்ந்து அவனுக்கு வயித்தெரிச்சல்!"

"விடாதீங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க" என்றாள் அவள். கணவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆறடி ஆள்.

அவள் உள்ளே வந்து, இடுப்பில் செருகியிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து இழுப்பறையில் பத்திரப்படுத்தினாள்.

கடகட சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று போன வருஷமும் சொன்னார். சொல்லிவிட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய தையல் மெஷினை விற்று, அந்த வண்டிக்கு நாலு புது டயர் போட்டார்.

மெஷினோடு போகாமல் அவளிடம் தங்கியது இந்த ஸ்க்ரூடிரைவர் ஒன்றுதான்.