நத்தைக் கூட்டில் நாலு பேர்

பெருச்சாளிக்கு உடம்பு பெரிசு, சோம்பேறித்தனம் அதைவிடப் பெரிசு. மழைக்கு முன்னால் வளை தோண்ட வெளியூரிலிருந்து ஆள் எடுத்தது. தங்குமிடம் இலவசம் என்று சொன்னதை நம்பி ஒரு நத்தையும் மூன்று எறும்புகளும் வந்து சேர்ந்தன.

"தங்குற இடம் எங்கே முதலாளி?" என்று கேட்டது நத்தை.

"அதான் முதுகிலேயே வெச்சிருக்கியே! இவங்க மூணு பேரும் அதுலயே தங்கிக்கட்டும்."

அன்று முதல் நத்தையின் கூட்டில் நாலு பேர். ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும்.

பத்தாம் நாள், வாரத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டார்கள்.

"வெளியூர்க்காரங்களுக்கு இங்கே அந்த உரிமையெல்லாம் கிடையாது" என்றது பெருச்சாளி.

மறுநாள் யாரும் வேலைக்கு வரவில்லை. வளை பாதியில் நின்றது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பெருச்சாளி ஓடிப்போய்க் கூட்டைத் தட்டியது.

"யாரது?" உள்ளேயிருந்து ஓர் எறும்பு கேட்டது.

"முதலாளிடா! வெளியே வாங்க!"

"எந்த ஊர்?"

"இந்த ஊர்தான்!"

"கூட்டுக்கு வெளியே இருக்கிறதெல்லாம் எங்களுக்கு வெளியூர்" என்றது நத்தை. "லீவு பத்திப் பேச வந்திருந்தா அப்படி ஓரமா உட்காருங்க. கூப்பிடுறோம்."

பெருச்சாளியின் மூக்கில் முதல் துளி விழுந்தது. அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது.