மண் மூடிய பிறகு

முப்பது வருஷமாக அந்த மலாய்க் கம்பத்துக் கிராமத்தில் யாரை அடக்கினாலும், மண்மேட்டருகே உட்கார்ந்து தல்கீன் ஓதியவர் இமாம் தெராமான்தான். கபர்க்குழியில் மலக்குகள் என்னும் வானவர்கள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இறந்தவருக்கு அவர் எடுத்துச் சொல்வார். கெய்ரோவில் படித்துத் திரும்பிய அவர் மகன் ஜம்ஹாரி, அது மார்க்கத்தில் இல்லாத வழக்கம், செத்தவர் காதில் எதுவும் விழாது என்று அவருடைய பள்ளிவாசல் முற்றத்திலேயே நின்று பேசினான். அப்பனும் மகனும் இரண்டு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து உண்ணவில்லை.

மகனுக்குக் காய்ச்சல் முற்றிய அன்றுதான் அவன் அவர் கையைப் பிடித்தான். "எனக்கு ஓதாதீங்கப்பா. ஓதினா நான் பேசினதெல்லாம் பொய்யாப் போயிடும்."

மகனின் அடக்கம் முடிந்ததும் ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் இறைவனிடம் துஆ மட்டும் கேட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

வீட்டுப் படியில் மனைவி சோம் காத்திருந்தாள். "பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவன் கேட்டுக்கிட்டது அது."

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொன்னீங்களே." அவள் குரல் உயரவில்லை. "சின்னதுல இவனுக்குப் புது இடம்னாலே நாக்கு எழாது. பள்ளிக்கூடத்துல பேரைக் கேட்டாக்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பான்."

சோம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள். அரபியில் ஓரெழுத்து அறியாதவள், கபர்ஸ்தான் பக்கம் வேகமாக நடந்தாள். மகன் கேட்டுக்கொண்டபடி தடுக்க வேண்டியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.