முதல் தட்டு

"பிள்ளைங்க பசியோட நிக்கறாங்க, தலைமையாசிரியருக்கு மட்டும் இப்பவே தட்டா?"

ஷிஹோ போட்ட சத்தத்தில் பள்ளிச் சமையலறையே திரும்பிப் பார்த்தது.

ஜப்பானில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் வேலைகளை நேரில் பழகிப் பார்க்கும் வாரம் அது. ஷிஹோ நேற்று குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். இன்று காலை இந்தத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறையில், இப்போது சமையலறையில். மூன்றில் எந்த வேலை தனக்கு என்று நாளை சொல்லியாக வேண்டும். ஆசிரியை ஆவதுதான் சிறுவயது ஆசை.

துடுப்பு போன்ற கரண்டியால் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த சமையலர் குராமோச்சி நிமிரவில்லை. "முகக்கவசத்தை ஏத்திப் போடு. அவர்தான் முதல்ல சாப்பிடணும். அதுதான் விதி."

"விதியா! காப்பகத்துல அக்கா எல்லாப் பிள்ளைக்கும் ஊட்டிட்டு, ஆறிப்போன சோத்தைத்தான் தின்னாங்க, குராமோச்சி சான்!"

"அவர்கிட்டயே கேளேன். தட்டை எடுத்துட்டுப் போ."

காய்கறிக் குழம்பு ஊற்றிய கறி ரைஸ், கோஸ் சாலட், பால். நடைவழியில் ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் வாசம் பிடித்தன.

"அக்கா, எங்களுக்கா?"

"பெரிய மனுஷர் தின்னு மிச்சம் வெச்சா!"

தலைமையாசிரியர் ஓகிதா ஒவ்வொன்றையும் முகர்ந்து, மென்று, நிதானமாகச் சாப்பிட்டார்.

"ருசியா இருக்கா, ஓகிதா சென்செய்?"

"கேரட் நல்லா வெந்திருக்கு."

"பிள்ளைங்க வெளியே காத்துட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

ஷிஹோவுக்குக் காது சிவந்தது. தட்டு காலியான பிறகும் அவர் பரிமாறச் சொல்லவில்லை. வயிற்றில் கை வைத்தபடி நாற்காலியில் வெகுநேரம் சாய்ந்திருந்தார்.

"இன்னும் என்ன? ஏப்பம் வரணுமா?"

"கொஞ்சம் பொறும்மா."

"மாட்டேன்! டீச்சர் வேலையே வேண்டாம்னு நாளைக்குச் சொல்லப் போறேன். உங்களை மாதிரி ஆகறதைவிடப் பாத்திரம் கழுவலாம்!"

அவர் கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

"சமையலறையா? நான் சாப்பிட்டு அரை மணி ஆச்சு. வாந்தி இல்ல, வயித்துவலி இல்ல. இனிமே பயமில்லாம பிள்ளைங்களுக்குப் போடுங்க."