பேப்பர் இருக்குத்தானே

வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியசாலையின் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நஸ்மியா நிற்கிறாள். உள்ளே அவளுடைய உம்மா. பின்னேர வெயில் புதிய வெள்ளைத் தரையில் பட்டுக் கண் கூசுகிறது. நிலம் ஈரமாகிறதென்று கழிப்பறைக் குழாயை அடைத்துவிட்டுச் சுவரில் காகிதச் சுருளை மாட்டியிருக்கிறார்கள். "பேப்பர் இருக்குத்தானே," என்கிறார் துப்புரவு வேலை செய்யும் கமலாசனி. நஸ்மியாவுக்கு முகம் சுடுகிறது. "சோறு திண்ட கையை நீங்க பேப்பராலயோ துடைக்கிறனீங்க அக்கா? கழுவாமல் உம்மா எப்பிடித் தொழுவா?" வாங்கில் முறைக்குக் காத்திருப்பவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள். "அசர் தொழுகை நேரம் போகப்போகுது மகள்," உள்ளிருந்து உம்மாவின் குரல் வருகிறது. "தண்ணி வராமல் நான் எழும்ப மாட்டன்." நஸ்மியா தட்டாமலே வைத்தியரின் அறைக்குள் நுழைகிறாள். எழுதிக்கொண்டிருப்பவர் நிமிர்வதற்குள் அவருடைய மேசையிலிருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். "ஆர் கேட்டு எடுத்தனீங்கள்?" என்று அவர் பின்னாலேயே வருகிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கமலாசனி தாழிடாத கதவை ஒரு சாண் திறந்து பிடிக்கிறார். உள்ளிருந்து உம்மாவின் கை நீளுகிறது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. வைத்தியர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுக்கையில், "கொஞ்சம் பொறுங்கோ டொக்டர்," என்று கமலாசனி கதவை மறித்து நிற்கிறார், "அவா கழுவி முடிக்கட்டும்."